ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டி: பி.எச்.சை ஏற்றி நிலைநிறுத்தும் முறை

கொளத்தூர் மீன் கடைகளில் மஞ்சளும் நீலமுமாகச் சுற்றித் திரியும் ஆப்பிரிக்க சிக்லிட்களைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குபவர்களிடம், கடைக்காரர் பையைக் கட்டிக்கொண்டே ஒரு வரி சொல்லி அனுப்புவார்: "இதுக்கு பி.எச். எட்டுக்கு மேல இருக்கணும்." தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் இந்த எண்ணை எட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது, கொண்டுபோனதை எப்படி அங்கேயே வைத்திருப்பது, அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் "பி.எச். அப்" என்று எழுதிய பாட்டிலை வாங்கி ஊற்றுகிறோம். மாலையில் 8.2 காட்டுகிறது, இரண்டு நாளில் மறுபடி 7. திரும்பவும் ஊற்றுகிறோம். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மீன்கள் சாகின்றன, 7 என்ற எண்ணால் அல்ல.

ஆகவே இந்தக் கட்டுரை பி.எச். என்ற எண்ணைத் துரத்தச் சொல்லாது. அந்த எண்ணைத் தாங்கிப் பிடிக்கும் கே.எச்.சை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவைக் கவனிக்கச் சொல்லும். கே.எச். சரியாக இருந்தால் பி.எச். தானாக அதனிடத்தில் போய் நிற்கும்.

உங்கள் மீனுக்கு இது வேண்டுமா?

சிக்லிட் என்பது பெரிய குடும்பம். நம் ஊர்க் குளத்து ஜிலேபி மீன் சிக்லிட்தான், கேரளத்துக் கரிமீனும் சிக்லிட்தான். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர், ராம் ஆகியவை தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தவை. அவற்றில் டிஸ்கஸ், ராம் போன்றவை மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள நீருக்கே பழகியவை. இவற்றை வளர்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், பி.எச்.சை ஏற்றி மீனைத் துன்புறுத்த வேண்டாம்.

ஏற்ற வேண்டியது கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளிலிருந்து வந்த மீன்களுக்கு. மாலாவி ஏரியின் பி.எச். ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை. யெல்லோ லேப், ஆராட்டஸ், டெமசோனி, பீகாக் எல்லாம் அங்கிருந்து வந்தவை. தங்கனிக்கா ஏரி இன்னும் காரமானது, 8.6 முதல் 9.2 வரை போகும். ஃப்ரண்டோசா அந்த ஏரிக்காரர். விக்டோரியா ஏரி இந்த இரண்டையும்விட மென்மையானது.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பண்ணைகளில் பல தலைமுறை பெருக்கப்பட்டவை. அவை ஏரியின் எண்ணைத் தசமப் புள்ளி வரை எதிர்பார்ப்பதில்லை. மாலாவி மீன்களுக்கு 7.8 முதல் 8.4 வரை எங்கே வேண்டுமானாலும் அசையாமல் நின்றால் போதும். அசையாத 7.8, ஆடுகிற 8.4-ஐ விட எந்த நாளும் மேல்.

மூன்று எழுத்துக் குழப்பம்

பி.எச். என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண். 7 நடுநிலை. இந்த அளவுகோல் பத்தின் மடங்கில் ஏறுவது: 7-லிருந்து 8-க்குப் போவது பத்து மடங்கு மாற்றம், 7-லிருந்து 9 நூறு மடங்கு. "ஒரு பாயின்ட்தானே" என்று தோன்றுவது மீனுக்கு ஒரு பாயின்ட் அல்ல.

கே.எச். என்பது தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு. தொட்டியில் உருவாகும் அமிலத்தை முறியடிப்பது இதுதான். ஒரு டிகிரி கே.எச். என்றால் 17.9 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 17.9 பங்கு). இதைக் கையிருப்புப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டர் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும் ஒவ்வொரு நாளும் அதிலிருந்து கொஞ்சம் செலவாகிறது. கணக்குப்படி நைட்ரேட் 40 பி.பி.எம். ஏறியிருந்தால், கே.எச். ஏறக்குறைய மூன்றரை டிகிரி கரைந்திருக்கும். கையிருப்பு இருக்கும்வரை பி.எச். அசையாது, தீர்ந்துவிட்டால் சட்டென்று விழும்.

ஜி.எச். என்பது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. இது பி.எச்.சை நேரடியாக ஏற்றாது. மீனின் உடம்புக்குத் தேவை என்பதால் கவனிக்கிறோம், அவ்வளவுதான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இந்த மூன்றில் எதையும் காட்டாது. ஆர்.ஓ. சர்வீஸ்காரர் பேனா போன்ற கருவியை முக்கி "தண்ணி சூப்பர்" என்று சொல்வதை வைத்து மீன் தொட்டியை முடிவு செய்ய முடியாது. அதிக டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரில் அது வெறும் உப்பாகவும் இருக்கலாம், கார்பனேட்டாகவும் இருக்கலாம்.

எதையும் போடுவதற்கு முன் அளந்து பாருங்கள்

தேவையானவை பி.எச்., கே.எச்., அம்மோனியா, நைட்ரேட் ஆகியவற்றுக்கான சொட்டு கிட்கள். ஸ்ட்ரிப் காகிதம் மலிவு, ஆனால் நமக்கு வேண்டிய நுணுக்கம் அதில் கிடைக்காது. பி.எச். கிட் வாங்கும்போது கவனம்: சாதாரண கிட் 7.6-உடன் முடிந்துவிடும். தொட்டி 8.4-ல் இருந்தாலும் அது 7.6 என்றே காட்டும். சிக்லிட் தொட்டிக்கு 7.4 முதல் 8.8 வரை காட்டும் ஹை ரேஞ்ச் கிட் வேண்டும். ஏ.பி.ஐ. நிறுவனத்தின் மாஸ்டர் கிட்டில் இரண்டும் இருக்கின்றன, ஆனால் கே.எச். கிட் அதில் இல்லை. தனியாக வாங்க வேண்டும். ஒரே ஒரு கிட் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் நான் பி.எச். கிட்டை விட்டுவிட்டு கே.எச். கிட்டைத்தான் வாங்குவேன்.

டிஜிட்டல் பி.எச். பேனா வைத்திருப்பவர்கள் அதனுடன் வரும் பவுடரைக் கரைத்து மாதம் ஒருமுறையாவது காலிபரேட் செய்யுங்கள். செய்யாத பேனா சொல்லும் எண்ணை நம்பித் தொட்டியில் எதையாவது போடுவதைவிட, அளக்காமலே இருப்பது பாதுகாப்பு.

கே.எச். அளப்பது எளிது. 5 மில்லி தண்ணீர் எடுத்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலமாக இருப்பது மஞ்சளாக மாறும் சொட்டின் எண்ணிக்கைதான் டிகிரி. ஆர்.ஓ. தண்ணீரில் முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிடும்.

இரண்டு தண்ணீரை அளக்க வேண்டும்: தொட்டியில் இருப்பது, வீட்டுக்கு வருவது. வீட்டுத் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்த உடனே அளக்காதீர்கள். போர் தண்ணீரில் நிலத்தடியில் கரைந்த கரியமில வாயு நிறைய இருக்கும், அது பி.எச்.சைக் குறைத்துக் காட்டும். ஒரு பக்கெட்டில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விட்டு அளந்தால்தான் உண்மையான எண் தெரியும். பிடித்தவுடன் 7.2 காட்டிய போர் தண்ணீர் மறுநாள் 8 காட்டுவது சாதாரணம். அப்படிக் காட்டி, கே.எச்.சும் 8-க்கு மேல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். பி.எச். ஏற்றும் வேலையே இல்லை. அந்தத் தண்ணீரை ஆற வைத்து ஊற்றினால் போதும். கடலோரப் பகுதியில் உவர்ப்பாக இருக்கும் போருக்கு இது பொருந்தாது.

சிக்கல் வருவது மென்மையான தண்ணீர் உள்ளவர்களுக்கு. கோயம்புத்தூரில் சிறுவாணி வரும் வீடுகள், மலையடிவார ஊர்கள், மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துபவர்கள், போர் உப்பாக இருப்பதால் ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றுபவர்கள். சென்னை மெட்ரோ வாட்டர் இன்னொரு ரகம்: ஏரித் தண்ணீர், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகளின் தண்ணீர் என்று பகுதிக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். அங்கே இருப்பவர்கள் ஒருமுறை அளந்ததை வருடம் முழுக்க நம்ப முடியாது.

அம்மோனியா பூஜ்யம் என்றால்தான் அடுத்த அடி

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம். பி.எச். ஏற்றும்போது மீன் சாவதற்கு முதல் காரணம் இதுதான்.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். அம்மோனியம் என்ற வடிவம் மீனுக்குப் பெரிய கேடு செய்யாது. அம்மோனியா வாயுவாக இருப்பது செவுளைக் கருக்கும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச்.சும் வெப்பமும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் விஷ வடிவம் சுமார் 0.6 சதவீதம். பி.எச். 8-ல் அது 5 சதவீதத்தைத் தாண்டும். 8.5-ல் 15 சதவீதம், 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நம் ஊர் வெயிலில் தொட்டி 30 டிகிரியில் இருந்தால் இன்னும் கூடும்.

அதாவது தொட்டியில் புதிதாக ஒரு துளி கழிவுகூடச் சேராமல், பி.எச்.சை 7-லிருந்து 8-க்கு ஏற்றினாலே விஷம் ஏறக்குறைய ஒன்பது மடங்காகிறது. நேற்று வரை நன்றாக இருந்த மீன் சோடா போட்டதும் மேலே வந்து வாயைப் பிளந்தால், பலர் சோடாவைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஏற்கனவே உள்ளே இருந்த அம்மோனியம்தான்.

சொட்டு கிட் இரண்டு வடிவத்தையும் சேர்த்துத்தான் காட்டும். எனவே அது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பி.எச்.சைத் தொடாதீர்கள், தீனியைக் குறைத்து, தண்ணீர் மாற்றி, பூஜ்யம் ஆன பிறகு வாருங்கள். புதுத் தொட்டி என்றால் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் விடுவதற்கு முன்பே, அந்த வாரங்களிலேயே கே.எச்.சைச் சரிசெய்து வைத்துவிடுவதுதான் உத்தமம். காலித் தொட்டியில் அவசரப்பட்டாலும் யாரும் சாகப் போவதில்லை.

காசு செலவில்லாமல் ஏறுவது முதலில்

தொட்டியில் மரக்கட்டை, பாதாம் இலை, கறுப்பு நிற செடி மண் இருந்தால் எடுத்துவிடுங்கள். இவை பி.எச்.சைக் கீழே இழுப்பவை. ஒரு பக்கம் இவற்றை வைத்துக்கொண்டு மறுபக்கம் சோடா போடுவதில் அர்த்தமில்லை. மணலுக்கு அடியில் சேர்ந்த கழிவை சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

அப்புறம் காற்று. ஃபில்டரின் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்குமாறு திருப்பி வையுங்கள், ஒரு ஏர் ஸ்டோன் கூடுதலாகப் போடுங்கள். தேங்கியிருக்கும் கரியமில வாயு வெளியேறியதும் பி.எச். தானே கொஞ்சம் ஏறும். ஆப்பிரிக்க சிக்லிட்களைச் சண்டையைக் குறைப்பதற்காக நெருக்கமாகவே வளர்ப்பது வழக்கம். அதனால் இந்தத் தொட்டிகளில் வாயு சேர்வதும் அதிகம். மின்வெட்டின்போது பி.எச். சற்றுக் குறைவதும் இதனால்தான்; மின்சாரம் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதைப் பார்த்துப் பதறி எதையும் கொட்டாதீர்கள்.

சோடா உப்பும் கணக்கும்

கே.எச். ஏற்ற நமக்குத் தேவையானது மளிகைக் கடையிலேயே இருக்கிறது: சோடா உப்பு. ஆப்ப சோடா, சமையல் சோடா என்றும் சொல்வார்கள். வேதியியல் பெயர் சோடியம் பைகார்பனேட். பாக்கெட்டில் அந்தப் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கிங் பவுடர் வேறு. அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். ஈனோவும் வேண்டாம், அதில் சிட்ரிக் அமிலம் உண்டு. சலவை சோடா பி.எச்.சை வேகமாக உச்சத்துக்குத் தூக்கிவிடும், புதியவர்கள் பக்கமே போகக் கூடாது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை "ஒரு சிட்டிகைதானே" என்று போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-ஐத் தாண்டும். மீன் உள்ள தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

இனி கணக்கு. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: 100 லிட்டரில் கே.எச்.சை ஒரு டிகிரி ஏற்ற 3 கிராம் சோடா உப்பு.

தொட்டியின் லிட்டரை முதலில் கண்டுபிடியுங்கள். நம் கடைகளில் தொட்டியை அடிக்கணக்கில் விற்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடித் தொட்டி என்றால் 9 கன அடி, அதாவது 255 லிட்டர். மணல், பாறை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உண்மையில் இருக்கும் தண்ணீர் 200 லிட்டர் என்று கொள்ளலாம். எம்புனா என்னும் மாலாவிப் பாறை மீன்களுக்காகப் பாறை நிறைய அடுக்கியிருந்தால் இன்னும் குறையும். மருந்தானாலும் சோடாவானாலும் குறைத்து மதிப்பிடுவதே நல்லது.

இந்த 200 லிட்டரில் கே.எச். இப்போது 1, வேண்டியது 8 என்றால் ஏற்ற வேண்டியது 7 டிகிரி. ஒரு டிகிரிக்கு 6 கிராம். ஆக மொத்தம் 42 கிராம். மாலாவி தொட்டிக்கு கே.எச். 8 போதுமானது, பி.எச். 8.2 பக்கத்தில் வந்து நிற்கும். தங்கனிக்கா மீன்களுக்கு 12 முதல் 15 வரை கொண்டுபோகலாம்.

42 கிராமையும் ஒரே நாளில் போடலாமா என்றால், கூடாது. நாளொன்றுக்கு 6 கிராம் என்று சமமாகப் பிரித்துப் போடுவதுகூட முழுச் சரியல்ல. காரணம் இது: கே.எச். இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பி.எச். சுமார் 0.3 ஏறும். 1-லிருந்து 2-க்குப் போவதும், 4-லிருந்து 8-க்குப் போவதும் பி.எச்.சுக்கு ஒரே அளவு உயர்வுதான். எனவே ஆரம்பத்தில் போடும் சிட்டிகைதான் பெரிய தாவல் தரும், பிற்பாடு போடுவதெல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு நாளில் 0.2, மிஞ்சினால் 0.3-க்கு மேல் ஏறக் கூடாது என்பது என் வரம்பு. அதன்படி முதல் இரண்டு நாள் தலா 3 கிராம், அதன்பின் ஆறு நாள் தலா 6 கிராம். எட்டே நாளில் வேலை முடிந்துவிடும்.

கிராம் தராசு இல்லாதவர்களுக்கு: தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சோடா உப்பு ஏறக்குறைய 5 கிராம். ஆனால் இணையத்தில் சில நூறு ரூபாய்க்குச் சமையலறைத் தராசு கிடைக்கிறது. இந்தச் செலவு வீண் போகாது.

போடும் விதம்: அன்றைய அளவை ஒரு மக் தொட்டித் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு ஊற்றுங்கள். பவுடராகத் தூவினால் அடியில் விழும். தீனி என்று நினைத்து மீன் வாயில் எடுத்துத் துப்பும். காலையில் செய்வது நல்லது. பகல் முழுக்க மீனைக் கவனிக்கலாம். மறுநாள் அதே நேரத்தில் பி.எச்., கே.எச். அளந்து, எதிர்பார்த்தபடி ஏறியிருந்தால் மட்டும் அடுத்த அளவு.

மீன் மேற்பரப்பில் மூச்சு வாங்குவது, துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்பது, பாறையில் உடம்பை உரசுவது, காரணமில்லாமல் பாய்வது ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றோடு நிறுத்துங்கள். அம்மோனியா அளந்து பாருங்கள். ஏறியதை இறக்குவதற்காக வினிகர், எலுமிச்சை என்று போகவே வேண்டாம். அப்படியே இரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் பழகிக்கொள்ளும்.

நிலையாக நிறுத்த: கிளிஞ்சல்

சோடா உப்பு கே.எச்.சை ஏற்றும்; ஆனால் அதுவும் நாளடைவில் செலவாகிவிடும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் தண்ணீர் மாற்ற முடியவில்லை என்றால் தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் சுண்ணாம்புச் சத்துள்ள கிளிஞ்சல்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் பவளத்தூள் போடச் சொல்லும். இந்தியாவில் அது சிக்கல். கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் எடுத்து வருவது குற்றம். நமக்கு அது தேவையும் இல்லை. கோழித் தீவனக் கடைகளில் கிலோக்கணக்கில் விற்கும் உடைத்த கிளிஞ்சல் அதே வேலையைச் செய்யும், விலையும் மிகக் குறைவு.

200 லிட்டருக்கு அரை கிலோவில் தொடங்கலாம். கலங்கல் போகும்வரை நன்றாக அலசி, வலைப் பையில் போட்டு ஃபில்டருக்குள் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். தரையில் பரப்பினால் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. மாதம் ஒருமுறை பையை எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே குலுக்கி அலசுங்கள். வழவழப்பு படிந்துவிட்டால் கரையாது.

இதனிடம் எதிர்பார்க்க வேண்டியது என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பி.எச். 8-ஐ நெருங்கிவிட்டால் கிளிஞ்சல் கரைவது ஏறக்குறைய நின்றுவிடும். எனவே அது 8.4-க்குத் தூக்கிவிடாது. கே.எச். குறைந்து பி.எச். கீழே சரியத் தொடங்கும்போதுதான் கரைந்து தாங்கும். ஏற்றுவதற்கு சோடா உப்பு, விழாமல் காக்க கிளிஞ்சல் என்று இரண்டுக்கும் தனித்தனி வேலை.

அலங்காரத்துக்குச் சுண்ணாம்புக்கல் வைத்தாலும் கொஞ்சம் உதவும். கல்லின் மேல் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக்கல் இனம்தான், ஆனால் இறுகிய பலகை என்பதால் அதிலிருந்து கரைவது சொற்பம்.

ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியம், மெக்னீசியமும் இருக்காது. கிளிஞ்சல் கரையும்போது கால்சியம் கொஞ்சம் வந்துவிடும். மெக்னீசியத்துக்கு எப்சம் உப்பு: 100 லிட்டருக்கு 4.4 கிராம் போட்டால் ஜி.எச். ஒரு டிகிரி ஏறும். மாலாவிக்கு 4 முதல் 6 டிகிரி போதும். போர் தண்ணீர்க்காரர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆர்.ஓ.வையும் போரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினாலே பல வீடுகளில் இந்த உப்புக் கணக்கெல்லாம் தேவைப்படாது. கலந்த தண்ணீரை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது

ஏற்றிய பி.எச். கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கே.எச். 8 உள்ள தொட்டியிலிருந்து மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால், ஒரே நாளில் கே.எச். ஐந்தரைக்கு வந்துவிடும். பிறகு தொட்டியில் சோடா போட்டு மேலே இழுப்பது. வாரம் தவறாமல் மீனுக்கு இந்த ஊஞ்சல்.

வழி எளிது: புதுத் தண்ணீரை முந்தின நாளே டிரம்மில் பிடித்து, அங்கேயே சோடாவைக் கரைத்துவிடுங்கள். 60 லிட்டர் மாற்றுகிறீர்கள், தண்ணீரின் கே.எச். 1, வேண்டியது 8 என்றால் ஏழு டிகிரிக்கு 12.6 கிராம், 12 அல்லது 13 கிராம் போட்டால் சரி. மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரினும் அதிலேயே. ஏர் ஸ்டோன் போட்டு இரவு முழுக்க ஓட விட்டால் காலையில் தொட்டித் தண்ணீரின் இரட்டைப் பிறவி தயார். இப்படிச் செய்தால் தொட்டிக்குள் நேரடியாக எதையும் போட வேண்டிய அவசியமே வராது.

வாரம் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றுவது போதும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு மட்டும் வேறு விதி: தண்ணீர்தான் ஆவியாகும், உப்புகள் உள்ளேயே இருக்கும். எனவே குறைந்ததை ஈடுகட்ட வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கோடையில் சோடா கலந்த தண்ணீரையோ போர் தண்ணீரையோ ஊற்றி ஊற்றி நிரப்பினால் கே.எச்., டி.டி.எஸ். இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போகும்.

முதல் மாதம் வாரம் இருமுறை கே.எச். அளந்து எழுதி வையுங்கள். உங்கள் தொட்டி வாரத்துக்கு எத்தனை டிகிரி செலவழிக்கிறது என்று தெரிந்துவிடும். அதன்பின் தண்ணீர் மாற்றும் நாளில் ஒருமுறை அளந்தால் போதும். கே.எச். 5-க்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

பழைய தொட்டி ஏற்கனவே விழுந்திருந்தால்

மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத, மேலே மேலே நிரப்பியே ஓட்டிய தொட்டியில் கே.எச். பூஜ்யமாகி பி.எச். 6 அல்லது அதற்கும் கீழே போயிருக்கும். பாக்டீரியா சோர்ந்து போய், அம்மோனியம் குவிந்திருக்கும். பி.எச். தாழ்வாக இருப்பதால் மட்டுமே அந்த மீன்கள் உயிரோடு இருக்கின்றன. இந்த நிலையில் நல்லது செய்வதாக நினைத்துப் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுப் போர் தண்ணீரை ஊற்றினால், சில மணி நேரத்தில் மொத்தத் தொட்டியும் போய்விடும்.

முதலில் தீனியை நிறுத்துங்கள். சிக்லிட் சில நாள் பட்டினி தாங்கும். பி.எச். தாழ்ந்த அந்தத் தொட்டிக்கு நெருக்கமான தண்ணீர், அதாவது காற்றோட்டம் கொடுத்த ஆர்.ஓ. தண்ணீரால் தினம் கால் பங்கு மாற்றி அம்மோனியாவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தால் நண்பர் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அதன்பிறகுதான் சோடா, அதுவும் 200 லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கி. கே.எச். பூஜ்யத்தில் இருக்கும்போது ஒரு சிட்டிகையே பி.எச்.சைத் தூக்கி எறியும் என்பதால் இந்த எச்சரிக்கை. கே.எச். 1-ஐ எட்டிய பிறகு மேலே சொன்ன எட்டு நாள் முறைக்கு வரலாம். அவ்வப்போது அம்மோனியா அளந்துகொண்டே போங்கள். தலைகாட்டினால் சோடாவை நிறுத்துங்கள்.

புது மீன் வரும் நாள்

பக்கத்துக் கடையில் அரை மணி நேரத்துக்கு முன் கட்டிய பை என்றால், பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், மீனை ஒரு வாளியில் விட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டு சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். ஒரு மணி நேரம் போதும். வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரின் பி.எச். என்ன என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது, வித்தியாசம் 0.5-க்கு மேல் இருந்தால் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

பஸ் பார்சலிலோ கூரியரிலோ ஒரு நாள் பயணம் செய்து வந்த மீனுக்கு இந்த முறை சரிவராது. மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு தேங்கி பி.எச். இறங்கியிருக்கும், கழிவு அம்மோனியமாகக் குவிந்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியம் விஷமாக மாறத் தொடங்கும். அந்தத் தண்ணீரிலேயே ஒரு மணி நேரம் வைத்துச் சொட்டு இறக்கினால் அவ்வளவு நேரமும் மீன் விஷத்தில் கிடக்கும். பையைத் திறக்காமல் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்த உடனே மீனை எடுத்துத் தனித்தொட்டியில் விட்டுவிடுங்கள். அந்தத் தனித்தொட்டியின் பி.எச்.சை, அனுப்பியவரிடம் முன்கூட்டியே கேட்டு அவர் தண்ணீருக்கு நெருக்கமாக வைத்திருங்கள். நோய் இருக்கிறதா என்று இரண்டு மூன்று வாரம் கவனிக்கும்போதே, வாரத் தண்ணீர் மாற்றத்தின் வழியாக அதன் கே.எச்.சைப் பெரிய தொட்டியின் அளவுக்கு மெல்ல உயர்த்திவிடலாம்.